கேட்காத ஊசியையும் கேள்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்தைக் கேட்டாயிற்று, "பயணிகளுக்குத் தடுப்பூசி எதுவும் கட்டாயமில்லை" என்று பதிலும் வந்தாயிற்று, இனிப் பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அது பாதிப் பதில். அவர்கள் தங்கள் கப்பலைப் பற்றி மட்டும் சொல்கிறார்கள். கப்பல் போய் நிற்கிற ஒவ்வொரு துறைமுகமும் ஒரு நாட்டைச் சேர்ந்தது. யாரை இறங்க விடுவது, என்ன சான்றிதழ் கேட்பது என்பதை அந்த நாடுதான் முடிவு செய்யும். அதற்கும் அப்பால், யாருமே கேட்காத, ஆனால் உன் பிள்ளைகள்போல் 13, 16 வயதில் இருப்பவர்களுக்குப் போட்டிருக்க வேண்டிய ஊசிகள் சில இருக்கின்றன.

"காலமெல்லாம் ஊசி அறையில நின்னவங்க, வேற என்ன சொல்லுவாங்க" என்று மாப்பிள்ளை சிரிப்பார். முழுக்கப் படித்துவிட்டுச் சிரிக்கச் சொல்.

கப்பல் என்றதும் தடுப்பூசியைப் பற்றிக் கேட்க உனக்குத் தோன்றியதே கொரோனாவால்தான். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி வைத்தார்களே, அதில் ஏறக்குறைய 3,700 பேர் இருந்தார்கள், 700 பேருக்கு மேல் தொற்று. அடுத்த வருஷம் கப்பல்கள் மறுபடி கிளம்பியபோது பல நிறுவனங்கள் 12 வயதைக் கோடாகப் போட்டன. 12 நிரம்பியிருந்தால் ஊசிச் சான்று, அதற்குக் கீழே என்றால் பரிசோதனை. நோய்க்கு 12 என்ன, 11 என்ன? அமெரிக்காவில் 12 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த ஊசியை அனுமதித்தது 2021 மே மாதம். யாருக்கு ஊசி கிடைத்ததோ அவர்களுக்கு விதியும் வந்தது. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம். 2022-இன் பிற்பகுதியிலிருந்து பெரும்பாலான நிறுவனங்கள் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டன. உனக்கு வந்த பதில் அந்தக் கதையின் முடிவு, அவ்வளவுதான்.

இரண்டு வழித்தடங்களில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். மத்தியதரைக் கடல் என்றால், மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு எதையும் தொடாமல் போகிறவர்களிடம் பொதுவாக எந்த ஊசிச் சான்றும் கேட்பதில்லை. தென் அமெரிக்கக் கரையோரமாகப் போய்க் கரீபியன் தீவுகளில் முடிகிறதே, அந்த இரண்டாவது வழி வேறு விஷயம். பிரேசில், கொலம்பியா போன்ற நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் இருக்கிறது. கொசு பரப்பும் வைரஸ். வந்துவிட்டால் அந்த வைரஸைக் கொல்ல என்று தனி மருந்து கிடையாது. அங்கே இறங்கிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போனால், அந்த நாடு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழைக் கேட்கலாம். அந்த நோயே இல்லாத தீவுகள்கூடக் கறாராகக் கேட்கும். அவர்களிடம் கொசு இருக்கிறது, வைரஸ்தான் இல்லை. அதை யாராவது உடம்பில் கொண்டுவந்துவிடக் கூடாது என்ற பயம் நியாயமானதுதானே.

அதனால் எந்தெந்தத் துறைமுகம் என்பதோடு எதற்குப் பிறகு எது என்பதையும் பார். அதே ஊர்களை எதிர்த்திசையில் சுற்றி வந்தால் இந்தக் கேள்வியே எழாமல் போகலாம். விமானம் மாறும் இடமும் கணக்கில் வரும். நோய் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், அந்த நாட்டுக்குப் போய் வந்ததாகவே பல நாடுகள் எடுத்துக்கொள்கின்றன. கேட்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. கப்பல் ஏறும் இடத்திலேயே சரிபார்த்து, சான்றிதழ் இல்லாதவர்களை ஏற்றாமல் விடுவதும் உண்டு. பிள்ளைகள்தானே என்ற சலுகையும் இதில் கிடைக்காது. 9 மாதம் அல்லது ஒரு வயதுக்கு மேல் எல்லோரிடமும் கேட்பதுதான் வழக்கம். 13 வயதும் 16 வயதும் இந்த விதிக்குப் பெரியவர்கள்தான்.

ஒரு ஊசி போதும். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பழைய விதி போய்விட்டது. இந்த வயதில் ஒருமுறை போட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு எப்போதும் உதவும். ஆனால் போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இடம் கிடைக்கவே நாளாகலாம்.

சான்றிதழாகக் கொடுக்கும் மஞ்சள் அட்டையை வாங்கியதும் மேசையை விட்டு நகராமல் அங்கேயே நின்று படி. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நிரப்பியிருக்க வேண்டும், வேறு மொழி கூடுதலாக இருக்கலாம். அடித்தல் திருத்தல் இருந்தாலும், ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் செல்லாது என்று சொல்லிவிடலாம். மருத்துவர் கையெழுத்துக்குப் பதில் முத்திரை மட்டும் குத்தியிருந்தால் ஏற்க மாட்டார்கள். குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே அட்டை என்பதும் கிடையாது, ஆளுக்கு ஒன்று. எழுதத் தெரியாத குழந்தைக்குத்தான் பெற்றோர் கையெழுத்து. உன் பிள்ளைகள் இருவரும் தாங்களே போட வேண்டும். பெரியவன் இப்போது பழகிக்கொண்டிருக்கிற அந்தக் கிறுக்கல் கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்.

இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறவர்களுக்கும் யோசித்துத்தான் போடுவார்கள். பிள்ளைகள் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடு. போடக் கூடாது என்றால் மருத்துவர் விலக்குக் கடிதம் கொடுப்பார், அதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த நாட்டின் விருப்பம். என்னையும் கூப்பிட்டிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் 60 தாண்டி முதல்முறையாக இந்த ஊசியைப் போட்டால் கடுமையான பக்கவிளைவுக்கு வாய்ப்பு கூடுதல். நான் வர வேண்டுமென்றால் மத்தியதரைக் கடலைப் பார். இதில் எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

இனி யாரும் கேட்காத ஊசிகள். எனக்குக் கவலை உண்மையில் இங்கேதான். கைக்குழந்தையாக இருக்கும்போது தேதி தவறாமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பள்ளியில் சேர்த்த பிறகு அந்த அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. கல்லூரி வாசலில் யாராவது கேட்கும் வரை அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தனியாக ஊர் சுற்றவும் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் தட்டம்மை. நோயாளி வெளியேறிய பிறகும் அந்த அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி இருக்கும். 2019-இல் ஃப்ரீவிண்ட்ஸ் என்ற கப்பலில் ஒருவருக்குத் தட்டம்மை உறுதியானதும் செயின்ட் லூசியா தீவு யாரையும் இறங்க விடவில்லை. கப்பல் குராசோ தீவுக்குப் போனது, அங்கேயும் சுகாதார அதிகாரிகள் ஏறிச் சோதித்தார்கள். ஏறக்குறைய 300 பேரின் பயணத்தை ஒரு நோயாளி நிறுத்தினார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும். சின்னவளுக்கு இரண்டாவது டோஸ் போடவேண்டிய சமயத்தில்தான் நீங்கள் வீடு மாறினீர்கள். போட்டதாக எனக்கு நினைவில்லை, அட்டையைப் பார். சின்னம்மை ஊசியையும் அப்படியே பார். வெப்பநாடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதில் சின்னம்மை வராமலே போவது அதிகம், கப்பல் ஊழியர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். கப்பலில் இது பரவுவது புதிதல்ல.

அடுத்து மெனிங்கோகாக்கல் ஊசி, மூளைக்காய்ச்சலுக்கானது. கப்பலில் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் பதின்வயதுக்காரர்களுக்கென்றே சொல்லப்படும் ஊசிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 11, 12 வயதில் ஒன்று போட்டு 16-இல் பூஸ்டர் போடுவது பல வருஷ வழக்கம், பிரிட்டனில் 14 வயதை ஒட்டிப் போடுகிறார்கள். காரணம், இந்தக் கிருமியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் திரிகிறவர்கள் இளவட்டங்களில்தான் அதிகம். கப்பலில் அவர்களுக்கென்று தனிக் கூடம் இருக்கும், இரவு வரை அங்கேதான் கிடப்பார்கள். ஒரே பாட்டிலில் நாலு பேர் குடிப்பார்கள், ஒரே கேபினில் நெருக்கியடித்துத் தூங்குவார்கள். நோய் அபூர்வம்தான். ஆனால் வந்தால் ஒரே நாளில் உயிரை எடுத்துவிடலாம். நானாக இருந்தால் பெரியவனுக்குப் போட்டுவிடுவேன்.

ஃப்ளூ ஊசியைப் பயணத்துக்கு 2 வாரம் முன்னால் போட வேண்டும். பூமியின் இரண்டு பாதியிலும் ஃப்ளூ வரும் மாதம் வேறு வேறு. கப்பலில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அதனால் இது சீசன் இல்லையே என்ற கணக்கு உதவாது. கரையில் இறங்கிக் கண்டதையும் சாப்பிடுவார்கள் என்பதால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ, டைபாய்டு இரண்டுக்குமான ஊசியையும் மருத்துவரிடம் கேட்டு வை.

நாள் கணக்குதான் எல்லோரையும் கவிழ்க்கிறது. எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் மூன்றுமே உயிருள்ள ஊசிகள். எம்எம்ஆருக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கும் நடுவே 4 வாரம் விடுவது நல்லது. சேர்த்துப் போட்டால் பலன் குறையலாம். சின்னவளுக்கு எம்எம்ஆர் பாக்கி என்று வை. இன்று அதைப் போட்டு, 28 நாள் கழித்து மஞ்சள் காய்ச்சல் ஊசி, அதிலிருந்து 10 நாள். ஆக 38 நாள், அதுவும் காய்ச்சல் சளி எதுவும் குறுக்கே வராமல் இருந்தால். இரண்டு மாதம் முன்னாடியே பயண மருத்துவரைப் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. நாள் போதவில்லை என்றால் எதை முன்னே போடுவது, எதைச் சேர்ப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீயாகத் தேதி போடாதே.

ஊசி போட்ட பிறகு 15 நிமிஷம் உட்கார வை. மயங்கி விழுகிறவர்களில் அதிகம் பேர் இந்த வயதுதான். வளர்ந்த பையன்கள்தான் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து நடந்து கதவருகே சாய்வார்கள், எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்!

கப்பலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரப்பும் நோரோ வைரஸுக்கு இதுவரை ஊசி கிடையாது. வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். சின்னவளிடம் நீ சொன்னால் கேட்க மாட்டாள், பாட்டி சொன்னதாகச் சொல்.

பெரியவனின் நண்பனையும் அழைத்துப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பையனின் அட்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவன் பெற்றோரிடம் வாங்கிப் பார். 18 நிரம்பாத பிள்ளை என்பதால் நடுக்கடலில் அவனுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் சம்மதம் சொல்ல உனக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வி வரும். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், அதில் ஒவ்வாமை விவரமும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அவனுக்கும் அதே மஞ்சள் அட்டை விதிதான், அதே 10 நாள்தான். அவன் ஒருவனுக்கு அந்த அட்டை இல்லாவிட்டால் யார் அவனோடு கரையில் நிற்பது என்று மாப்பிள்ளையை யோசித்துப் பார்க்கச் சொல்.

பணம் கட்டுவதற்கு முன் எனக்கு மூன்று படம் அனுப்பு: துறைமுகங்களின் வரிசை தேதியோடு, விமானம் மாறும் இடமும் நேரமும், பிள்ளைகள் இருவரின் ஊசி அட்டையும் எல்லாப் பக்கமும். சின்னவளின் அட்டை பிறந்த சான்றிதழ் வைத்திருக்கும் உறைக்குள் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் ஊசி போட்ட மருத்துவமனையில் பதிவேடு கேள். அங்கும் கிடைக்கவில்லை என்றால் எம்எம்ஆர் இன்னொரு டோஸ் போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை.

அன்புடன்,
அம்மா