மலேரியாவுக்கு மூன்று நாள் மாத்திரையா, பதினான்கு நாள் மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேரியாவுக்குப் பழைய மாத்திரையை 14 நாள் விழுங்கத் தேவையில்லை, புதிய மாத்திரை மூன்றே நாளில் குணமாக்கிவிடும் என்ற பொருளில் தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. அதைப் படித்தவர்கள் கேரள-தமிழ்நாடு எல்லையில் வாளையாறு தொடங்கி கோபாலபுரம் வரை மருந்துக்கடைகளில் அந்த மூன்று நாள் மாத்திரையைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ஒப்பீடு அடிப்படையிலேயே தவறு. மூன்று நாள் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்வது. பதினான்கு நாள் மாத்திரை கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமியைக் கொல்வது. ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது.

எல்லையோரத்தில் இது பெரிய விஷயம். மலையாளத்தில் மலம்பனி என்று சொல்லப்படும் இந்தக் காய்ச்சல் இங்கே பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஆட்களோடு வருகிறது. கஞ்சிக்கோடு ஆலைகளுக்கு ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வருபவர்களிடம் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி வகை இருக்கலாம். சென்னையில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புபவரிடம் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ச்சலும் குளிரும் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மருந்து வேறு. ஆகவே ரத்தத் தடவலோ (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது), கார்டு டெஸ்ட்டோ (ஒரு சொட்டு ரத்தத்தில் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது) செய்து, கிருமியின் பெயர் சீட்டில் எழுதப்படும் முன் எந்த மாத்திரை உயர்ந்தது என்று பேசுவதில் பயனில்லை.

வைவாக்ஸுக்கு நம் நாட்டில் இன்றும் குளோரோகுயின்தான் முதல் மருந்து. பெரியவர்களுக்கு 150 மி.கி. மாத்திரை முதல் நாள் 4, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 2. அட்டையில் குளோரோகுயின் பாஸ்பேட் 250 மி.கி. என்று அச்சிட்டிருந்தாலும் அதில் மருந்து 150 மி.கி.தான். 250 என்று கணக்குப் போட்டு மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தை மறுபடி கொடுக்க வேண்டும்.

இதோடு கல்லீரல் கிருமியைக் கொல்லும் ப்ரைமாகுயின், உடல் எடை கிலோவுக்கு 0.25 மி.கி. வீதம் 14 நாள். 60 கிலோ ஆளுக்குத் தினம் 15 மி.கி.; 7.5 மி.கி. மாத்திரையானால் தினம் இரண்டு. பெரும்பாலும் கோட்டை விடப்படுவது இங்கேதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் ஆள் வேலைக்குப் போய்விடுகிறார், மிச்ச அட்டை பையிலேயே கிடக்கிறது. சில வாரமோ சில மாதமோ கழித்துக் கல்லீரலில் உறங்கிய கிருமி விழித்து மறுபடி குளிர் எடுக்கிறது. உடனே ‘மருந்து வேலை செய்யவில்லை, வேறு புதுசு கொடுங்கள்’ என்கிறார்கள். குளோரோகுயின் தன் வேலையை முடித்துவிட்டது. முடியாமல் போனது ப்ரைமாகுயின்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போதும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறோம். ரத்தக் கிருமிக்கான ஒரு மருந்தைக் கொடுத்து 28 நாள் மட்டும் பார்த்திருந்தால், உடம்பில் வெகுநாள் தங்கும் குளோரோகுயினும் பிப்பராகுயினும் நல்ல பெயர் வாங்கும்; சில நாளிலேயே கரைந்துபோகும் லூமிஃபான்ட்ரின் மட்டமாகத் தெரியும். உண்மையில் தங்கும் மருந்து மறுகாய்ச்சலைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். வைவாக்ஸ் மருந்துகளை ஒப்பிடுவதானால் ஆறு மாதமாவது பின்தொடர வேண்டும். ஃபால்சிபாரம் என்றால் திரும்பி வந்தது பழைய கிருமியா, புதுக் கொசு கடித்ததா என்று மரபணுவைப் பார்த்துப் பிரித்தார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

14 நாளைக் குறைக்க வழியே இல்லை என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ப்ரைமாகுயினைக் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் 7 நாள் என்ற முறையையும் ஏற்றது. மொத்த மருந்து அதேதான், நாள் பாதி. ஆனால் தினசரி அளவு இரட்டிப்பாவதால் ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா என்று முன்பே பார்த்தாக வேண்டும். அது குறைந்தவர்களுக்கு ரத்த சிவப்பணுக்கள் உடையும்; சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகும். அப்படிப் போனால் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ப்ரைமாகுயினுக்குப் பதிலாக ஒரே வேளை விழுங்கும் டாஃபினோகுயின் வந்திருப்பதும் நல்ல செய்திதான். ஆனால் உள்ளே போனபின் அதை நிறுத்த முடியாது, வாரக்கணக்கில் தங்கும். அதனால் அதற்கு நொதியின் அளவை எண்ணிக்கையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ப்ரைமாகுயின் கூடவே கூடாது.

ஃபால்சிபாரத்துக்கு வருவோம். 1973-ல் அசாமில் குளோரோகுயினுக்கு மசியாத ஃபால்சிபாரம் கண்டறியப்பட்டது. இன்று அதற்கு மூன்று நாள் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துதான் (ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு வேறொன்றும் சேர்ந்தது). 2013 தேசிய மருந்துக் கொள்கைப்படி வடகிழக்கு மாநிலங்களில் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின், மற்ற மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின். வடகிழக்கில் மாற்றியதற்குக் காரணம் அங்கே இரண்டாவது கூட்டு தோற்கத் தொடங்கியதுதான். எனவே கஞ்சிக்கோட்டில் காய்ச்சலோடு வரும் அசாம் தொழிலாளிக்கு, கிருமி எங்கே ஏறியது என்று விசாரித்து ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் கொடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

அந்த மாத்திரையில் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. 20/120, 80/480 (ஆர்ட்டிமெதர்/லூமிஃபான்ட்ரின், மி.கி.) என்று வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. பெரியவர்களுக்கு 80/480 என்றால் வேளைக்கு 1, மொத்தம் 6. 20/120 என்றால் வேளைக்கு 4, மொத்தம் 24. பெரிய மாத்திரை இல்லையென்று சின்னதில் ஆறை எண்ணிக் கொடுத்தால் நோயாளிக்குப் போவது கால் பங்கு. முதல் வேளைக்கும் இரண்டாம் வேளைக்கும் 8 மணி நேர இடைவெளி. அடுத்த இரண்டு நாளும் காலை, இரவு. ஒரு டம்ளர் பாலோ எண்ணெய் சேர்ந்த சாப்பாடோ உடன் போக வேண்டும். கொழுப்பு இல்லாமல் லூமிஃபான்ட்ரின் உடம்பில் சரியாக ஏறாது. காய்ச்சல்காரருக்கு வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுக்கும் நம் வழக்கம் இந்த மருந்துக்கு ஒத்துவராது.

இரண்டாம் நாள் ஒரே வேளை ப்ரைமாகுயின், பெரியவர்களுக்கு 45 மி.கி., உண்டு. அது கொசு வழியாக அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கத்தான். குணமானபின் கார்டு டெஸ்ட்டில் ஃபால்சிபாரம் கோடு சில வாரம் தெரிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டு மறுபடி மருந்து கொடுக்கக் கூடாது, தடவலைத்தான் நம்ப வேண்டும்.

இவை யாவும் சிக்கலில்லாத மலேரியாவுக்கு. மயக்கம், வலிப்பு, மூச்சிரைப்பு, கண் மஞ்சளித்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் மாத்திரையோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. தங்கள் பக்கத்தில் மலேரியா மருந்தைப் பற்றி எழுதும்போது எந்தக் கிருமிக்கு என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள சுகாதார நிலையங்கள், ஓ.பி. சீட்டில் கிருமியின் பெயர், உடல் எடை, ப்ரைமாகுயின் தொடங்கிய தேதி, முடியும் தேதி நான்கையும் எழுதிக் கொடுக்கட்டும். ஐந்தாம் நாள் வாளையாறைத் தாண்டிப் போகும் ஆளுக்கு மிச்ச ஒன்பது நாள் மாத்திரையை அந்தப் பக்கத்து சுகாதாரப் பணியாளர் எண்ணிப் பார்க்க அந்தச் சீட்டு போதும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள், ஆய்வக நுட்புநர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.