நல்ல காளானிலும் நஞ்சு ஏறும்

அன்பு மகளுக்கு,

காட்டுக் காளான் பறிக்கப் பழகிக்கொண்டாயாமே. நச்சுக்காளானை இனம் பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறாய். உண்ணத் தகுந்த காளானிலும் காட்மியம், பாதரசம், ஈயம், ஆர்சனிக் ஆகிய நச்சு உலோகங்கள் ஏறும். கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரியாது.

மண் கெட்டிருந்தால் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணாதே. கீறினால் மஞ்சளாகி சோம்பு வாசம் வீசும் அகாரிகஸ் ஆர்வென்சிஸ் என்ற காளான், சுத்தமான புல்வெளியில் முளைத்தாலும் காட்மியத்தை இழுத்துச் சேர்த்துவைக்கும். குடையின் அடியில் பஞ்சுபோன்ற அடுக்குள்ள பொலிட்டஸ் எடுலிஸ் என்ற காளான் அதேபோல் பாதரசத்தைச் சேர்க்கும். மட்கிய மரத்தில் முளைப்பவற்றில் பொதுவாக இவை குறைவு.

கணக்கைப் பார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் வகுத்த காட்மிய வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராம். 60 கிலோ எடைக்கு 150. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 300 கிராம் காய்ந்தால் 30 கிராம்தான். உலர் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் இருந்தால், அந்த ஒரு தட்டிலேயே வார வரம்பு தீர்ந்துவிடும். சோறு, காய்கறி வழியாக வருவது தனி. காட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டு தங்கும். அதனால்தான் எனக்குப் பாதரசத்தைவிட இதன்மேல் பயம் அதிகம்.

சமைத்தால் போய்விடும் என்பார்கள். கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் கதிரியக்க சீசியம் கணிசமாக இறங்கும். 1986 செர்னோபில் அணுஉலை விபத்துக்குப் பிறகு ஐரோப்பியக் காடுகளில் பெரும் தொல்லை அதுதான். காட்மியம் கொஞ்சம் குறையும், பாதரசம் அவ்வளவாக அசையாது. கழுவினால் ஒட்டிய மண் மட்டும் போகும். பாதரசம் காம்பைவிடக் குடையில் கூடுதல், அதிலும் அடியிலுள்ள பஞ்சு அடுக்கில். பொலிட்டஸில் அதைக் கத்தியால் சீவி எறிந்துவிடு.

நெடுஞ்சாலை ஓரம், பழைய சுரங்கம், உலோகம் உருக்கிய ஆலையின் சுற்றுப்புறம், ஒருகாலத்தில் ஈய ஆர்சனேட் என்ற பூச்சிமருந்து தெளித்த பழத்தோட்டம் பக்கம் போகாதே. ஆலை மூடினாலும் மண்ணிலிருந்து உலோகம் போகாது.

மருந்துக்கென்று ரெய்ஷி, சாகா காளான் பொடி வாங்கினால், அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (batch) ஆய்வக அறிக்கையைக் கேள். 'தேறியது' என்ற ஒற்றை வார்த்தை போதாது. நான்கு உலோகத்துக்கும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அளவு இருக்கவேண்டும், உலர் எடைக்கா பச்சை எடைக்கா என்றும். தினமும் விழுங்கும் கிராமோடு அதைப் பெருக்கிப் பார்.

உலர்த்தி வைப்பதானால் இனமும் இடமும் தேதியும் எழுதித் தனித்தனி டப்பாவில் போடு. கலந்துவிட்டால் சோதனைக்கு அனுப்பியும் எது கெட்டதென்று கண்டுபிடிக்க முடியாது.

அன்புடன்,
அப்பா