செயலாளர் ஆண்டறிக்கை: கயிறு பிடித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. உறுப்பினர் சேர்க்கை, சந்தா, வரவு செலவு எல்லாம் பொருளாளர் வாசிக்கும் அறிக்கையில் இருக்கின்றன. என் நேரத்தைக் காலை ஸ்கிப்பிங் வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் புதிதாகச் செய்தது அதைத்தான், அதிகம் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

நம் நடைப்பயிற்சியில் ஒரு மணி நேரம் நடக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுபோன உறுப்பினர்களைத் திரும்ப அழைத்துவரத்தான் இந்த வகுப்பைத் தொடங்கினோம். ஒரு கயிறும் கை வீச இடமும் இருந்தால் போதும். எடை குறைய வேண்டும், தொப்பை கரைய வேண்டும் என்ற ஆசையோடு நிறையப் பேர் வந்தார்கள். முதல் வாரம் கூடம் நிறைந்தது.

அப்புறம் ஒரு தவறு செய்தோம். யோசனை என்னுடையது என்பதால் அதை நானே சொல்ல வேண்டும். யார் நிற்காமல் எத்தனை தாண்டுகிறார் என்று பலகையில் எழுதிப் போட்டேன். உற்சாகம் வரும் என்று நினைத்தேன், வரவும் செய்தது. ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒருவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றார். இன்னொருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலி. காலையில் முதல் அடி எடுத்து வைத்தாலே குதிகால் குத்துகிறது என்றார் வேறொருவர். வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். தாண்டும்போது உடம்பு முழுக்க மேலே போய், ஒவ்வொரு முறையும் உடல் எடையைவிட அதிக விசையோடு தரையில் இறங்குகிறது. மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று நாம் கூட்டிக்கொண்டே போனோம், கால் பின்தங்கிவிட்டது. அதிக எடையோடு வந்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். யாருக்காக வகுப்பைத் தொடங்கினோமோ அவர்களையே வலிக்கு ஆளாக்கிவிட்டோம் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

பலகையை அழித்தோம். வலி உள்ளவர்கள் ஆறும்வரை கயிற்றைத் தொடவில்லை. மற்றவர்கள் 20 விநாடி தாண்டி 40 விநாடி நிற்பது, இப்படிப் பத்துச் சுற்று என்று மாற்றினோம். உண்மையில் தாண்டும் நேரம் 3 நிமிடம் 20 விநாடிதான். வாரம் மூன்று நாள், அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு மாதம் அதையே செய்து, வலி இல்லாதவர்கள் மட்டும் 30 விநாடி தாண்டி 30 விநாடி நிற்பதற்கு மாறினார்கள். அதன்பின் கால்வலி என்று யாரும் வகுப்பை விடவில்லை.

தாண்டும் முறையையும் திருத்தினோம். பலர் அரை அடி உயரம் எகிறினார்கள். கயிறு பாதத்துக்கு அடியில் நழுவிப்போகும் அளவு, அதாவது இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் போதும். முன்பாதத்தில் இறங்கி, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். கயிற்றைச் சுழற்றுவது தோள் இல்லை, மணிக்கட்டு. முழங்கை விலாவோடு ஒட்டி இருந்தால் மற்றது தானாக வரும். நீளம் பார்க்க, கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இரு பிடிகளையும் மேலே இழுங்கள். அக்குள்வரை வந்தால் சரி. புதியவர்களுக்கு மணி கோத்த கயிறு நல்லது. சுழலும்போது வடிவம் கலையாது, தரையில் தட்டும் சத்தம் தாளம் சொல்லும். மெல்லிய கம்பிக் கயிறு வேகத்துக்கானது, பட்டால் சுரீர் என்று வலிக்கும். சிமெண்ட் தரையில் வேண்டாம் என்று ரப்பர் விரிப்பு வாங்கினோம். இந்த ஆண்டு செய்த செலவுகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: கொழுப்பு குறையுமா? குறையும், ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 70 கிலோ எடை உள்ளவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை தாண்டினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கலோரி செலவாகும். மெதுவாகத் தாண்டினால் 10 கலோரி. சாதாரண நடைக்கு 4 கலோரிதான். ஆக, நிற்கும் நேரத்தைக் கழித்துப் பத்து நிமிடம் தாண்டினால் அரைமணி நடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. தினம் பத்து நிமிடம், சாப்பாட்டில் மாற்றம் இல்லை என்றால், ஒரு கிலோ குறைய இரண்டு மாதம் பிடிக்கும். சாப்பாடு கூடினால் அதுவும் இல்லை. தாண்டிவிட்டு வந்ததும் பசிக்கும், அந்த ஒரு வேளையில் கவனமாக இருங்கள்.

பத்து நிமிடக் கயிறு அரைமணி ஓட்டத்துக்குச் சமம் என்ற பேச்சும் நம் வகுப்பில் சுற்றியது. 1968-இல் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வை வைத்துப் பரவிய பேச்சு அது. அந்த ஆய்வில் பார்த்தது இதயத்தின் தாங்குதிறனை, கொழுப்பை இல்லை. கலோரி கணக்கில் அரைமணி ஓட்டம்தான் கூடுதல். வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்பதும் நடக்காது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போகும் என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது.

எடை மெஷினை மட்டும் நம்பி மனம் உடைந்தவர்களைப் பார்த்தேன். உடம்பில் நீர் கூடிக் குறைவதாலேயே ஒரு நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். இடுப்புச் சுற்றளவை டேப்பால் மாதம் ஒருமுறை அளக்கச் சொன்னோம். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றதைத்தான் பலர் முதலில் வந்து சொன்னார்கள். அதைச் சொன்ன முகங்கள் எனக்கு மறக்காது.

மகளிர் உறுப்பினர்கள் தனியாகக் கேட்டதன்பேரில் ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு குதிக்கும்போது சிறுநீர் கசிவது பலருக்கும் உள்ள பிரச்சினை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் வகுப்பை விட்டுவிடாதீர்கள். சிறுநீரை அடக்க உதவும் இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பலருக்குப் பலன் தருகிறது. மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை கயிற்றை ஒரு கையில் பக்கவாட்டில் சுழற்றியபடி நின்ற இடத்தில் நடக்கலாம். முழங்கால் தேய்மானம், இதய நோய், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தாண்ட வேண்டாம். பிள்ளைகள் தாண்டினால் உயரம் கூடுமா என்று கேட்ட பெற்றோருக்கு: அதனால் உயரம் அதிகரிக்காது, ஆனால் எலும்பு வலுப்படும்.

உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கயிறு கடுமையான வகை. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. அதை நாம் செய்யவே இல்லை. வரும் ஆண்டில் கயிறு இல்லாத இரண்டு நாள்களைத் தண்டாலுக்கும் உட்கார்ந்து எழும் பயிற்சிக்கும் ஒதுக்கும்படி செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. புதியவர்களுக்கு முதல் மாதம் தனி வரிசையும் உண்டு.

கூடத்தைக் காலையில் திறந்து வைத்தவர்களுக்கும், வலியோடு நின்றுபோய் மீண்டும் திரும்பி வந்தவர்களுக்கும் என் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்