ஆற்றுக்கு இழவு கொண்டாடிய ஊர்

டொராண்டோ
மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. "உயிரோடுதான் இருக்கிறாயா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன், சௌகரியமாகத்தான் இருக்கிறேன். மே மாதமாகியும் குளிர் விடவில்லை, அது ஒன்றுதான் குறை. சனிக்கிழமை ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது.

அந்த ஓய்வையும் பக்கத்து வீட்டுப் பாட்டி விடுவதில்லை. விடிந்ததும் ரப்பர் பூட்ஸோடு கதவைத் தட்டி, டான் ஆற்றங்கரைக்கு இழுத்துப் போய்விடுவார். விசித்திரமான மனுஷி. 1969-இல் இந்த ஆறு மாசுபட்டுச் செத்துவிட்டது என்று பல்கலைக்கழக மாணவர்கள் சவப்பெட்டியோடு ஊர்வலம் போனார்கள். இவரும் கறுப்பு உடுத்திக்கொண்டு போய் அழுதாராம். மாமாவிடம் சொல், சிரிப்பார்.

1989-இல் ஆற்றை மீட்கவென்றே பொதுமக்கள் குழு ஒன்று அமைந்தது. கரையில் மரம் நட்டார்கள், சதுப்பு நிலம் உண்டாக்கினார்கள். ஆறு ஏரியில் சேரும் இடத்தில் அதை அந்தக் காலத்தில் செங்கோணமாக ஒடித்து வாய்க்காலில் விட்டிருந்தார்கள். போன வருஷம்தான் புது முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் ஓடியது. புரட்டாசி வாக்கில் சால்மன் மீன் எதிர்த்து ஏறுவதை நானே பார்த்தேன். ஆனாலும் பெருமழை பெய்தால் பழைய சாக்கடைக் குழாய்கள் நிரம்பி ஆற்றில்தான் கொட்டுகின்றன. பாட்டி அதற்கு மனு மேல் மனு எழுதுகிறார்.

எங்கள் வேலை களை பிடுங்குவது. அதில் ஒரு வகைக் களையை வேரோடு எடுத்து மூட்டை கட்டியே ஆக வேண்டும். கரையில் போட்டால், பிடுங்கிய பிறகும் விதை முற்றிவிடும். அதன் இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை. முதல் நாள் கையை முகர்ந்தேன், ரசத்துக்குப் பூண்டு தட்டும் அம்மாவின் கை ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டதா என்று பாட்டி கேட்டார். ஆமாம் என்றேன்.

சரி, அதை விடு. சித்தப்பா ஆற்றோர நிலத்தை மனை போட்டு விற்கலாம் என்கிறாராமே? அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. கரைப் புறம்போக்கையும் சேர்த்து அளந்திருப்பார்கள். சர்வேயரை வைத்து, மாமாவும் கூட நின்று அளக்கட்டும். வெள்ளம் வந்தால் அங்கே வீடு நிற்குமா என்று சித்தப்பாவையே கேள்.

குட்டியின் காதுகுத்துக்கு இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போடாதே. தேதி தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
தம்பி