ஒரு நாளும் தவறாதவர்களின் பலகை

அன்புள்ள தம்பி,

உமது பயிற்சிக்கூடத்தின் வாசலில் புதிதாக மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையைப் பற்றியே இக்கடிதம். நேரில் சொல்லியிருக்கலாமே என்று நீர் நினைப்பீர். விடியற்காலையில் ஒருவருடைய முதுகு வளையாமல் பார்த்துக்கொண்டும் இன்னொருவருக்கு எடைத்தட்டு மாற்றிக்கொண்டும் நிற்கும் உம்மிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அல்ல இது. அத்துடன் திருகோணமலையில் உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை இத்தகைய கூடங்கள் இப்போது பல இருப்பதால், அவற்றை நடத்தும் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

மாதம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்தவர்களின் பெயர்களை அப்பலகையில் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறீர். ஞாயிறு, போயா எதுவும் விடுபடவில்லை. சோம்பலாக இருப்பவர்களை உற்சாகப்படுத்த நீர் செய்த ஏற்பாடு அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சோம்பலாக இருப்பவர் அப்பலகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஓய்வெடுக்க முடியாமல் தவிப்பவர்தான் தினமும் அதைப் பார்க்கிறார்.

பட்டியலில் முதலாவதாக உள்ள பெயருக்குரியவரைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்கோ டீச்சர், பேர் போடாட்டிச் சரி. ஆனா அது எனக்குப் பொருந்தாது" என்றார். கேள்வியை நான் முடிக்கும் முன்பே அந்தப் பதில் வந்துவிட்டது.

அண்மையில் ஒரு காலை, டச் பே கடற்கரையோரக் கட்டின் மேல் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காற்சட்டையை உயர்த்தச் சொன்னேன். வியர்வையில் ஊறிப் பழுப்பேறிய பந்தனத்தைக் கழற்றியபோது சித்தாலேப வாசம் அடித்தது. கணைக்காலின் உட்புறத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே, பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் மட்டும், அவர் துள்ளினார். அதற்கு இரண்டு விரல் மேலே ஒன்றுமில்லை. படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்று கேட்டதற்குச் சில இரவுகளில் வலிக்கிறது என்றார். பிறகு பந்தனத்தைத் திரும்பவும் இறுகச் சுற்றிக்கொண்டு கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓடத் தொடங்கினார். வழியில் நின்ற மான்கள் ஒதுங்கின. அவர் நொண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எலும்பின் ஓரமாக நீளத்துக்கு வலித்தால் அது பெரும்பாலும் தசை இணைப்பின் அழற்சி. ஒரே புள்ளியில் வலித்து, ஓய்வின்போதும் நிற்காவிட்டால், எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும் என்பதை நீரும் படித்திருப்பீர். முதல் சில வாரங்களில் இந்த வெடிப்பு சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் உறுதியாகும். அவரோ எக்ஸ்ரே எடுத்து, அதில் ஒன்றுமில்லை என்ற பதிலை அனுமதிப் பத்திரம் போல் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். வாரக்கணக்கில் ஓட்டத்தை நிறுத்தினால் ஆறக்கூடிய வெடிப்பு, நிறுத்தாமல் ஓடினால் முழு முறிவாகலாம்.

இதில் கிலோமீற்றர் கணக்கு முக்கியமல்ல. வலய மட்டத்திலிருந்து மாகாண மட்டம் வரை பிள்ளைகளை அழைத்துச் சென்றவள் என்ற வகையில் சொல்கிறேன்: அவர் ஓடுவதிலும் கூடுதலாக ஓடி, எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஏகாம்பரம் மைதானத்தில் காய்ச்சலோடு வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவாள். வீட்டில் படுத்துத் தூங்குவாள். மூன்றாம் நாள் துள்ளிக்கொண்டு வருவாள். பயிற்சி அவளுடைய கையில் இருந்தது. இவருடைய விடயத்தில் அது மறுபக்கமாகத் திரும்பிவிட்டது. ஓடாத நாளில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை, தாயோடு எரிந்து விழுகிறார், அலுவலகத்தில் மனம் ஒட்டுவதில்லை. முன்பு ஒரு மணித்தியாலத்தில் கிடைத்த நிம்மதிக்கு இப்போது இரண்டரை மணித்தியாலம் வேண்டியிருக்கிறது. சகோதரியின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளையின் காலைக் கழுவித் தோழனாக நிற்க வேண்டியவர் இவர். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்திறங்கிய நேரத்தில் இவர் நிலாவெளி வீதியில் ஓடிக்கொண்டிருந்தார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைத் தோழனாக்கிச் சடங்கை நடத்தினார்கள். வந்தபின் அவர் அதற்காக வெட்கப்பட்டார் என்பதும் உண்மை, அன்று பின்னேரம் காலையில் விட்ட தூரத்தை ஓடி முடித்தார் என்பதும் உண்மை.

அவருடைய தாயாரிடம் பேசினேன். "குடி இல்லை, சிகரெட் இல்லை, என்ர பிள்ளை ஜிம்முக்குத்தானே போறான்" என்றார். ஊரில் எத்தனையோ தாய்மார் படும் பாட்டைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. குடிக்கு அடிமையானவரைப் பார்த்து ஊரே முகம் சுளிக்கும். உடற்பயிற்சிக்கு அடிமையானவருக்கு ஊரே கைதட்டும். அந்தக் கைதட்டலில் உமது பலகையும் சேர்ந்திருக்கிறது என்பதே எனது மனத்தாங்கல்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல. 1970 இல் அமெரிக்காவில் பிரெடரிக் பேக்லண்ட் என்ற மருத்துவர், உடற்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று ஆராய விரும்பினார். நாள்தோறும் பயிற்சி செய்தவர்களை அழைத்தபோது, பணம் தருவதாகச் சொல்லியும் அவர்கள் நிறுத்த உடன்படவில்லை. கடைசியில் வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்பவர்களைக் கொண்டே ஆய்வை நடத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. ஆய்வின் முடிவைவிட, ஆய்வுக்கு வர மறுத்தவர்களே எனக்கு அதிகம் சொல்கிறார்கள். 1976 இல் வில்லியம் கிளாஸர் ஓட்டத்தை நல்ல வகை அடிமைத்தனம் என்று பாராட்டினார். மூன்று ஆண்டுகளுக்குள், 1979 இல், வில்லியம் மோர்கன் என்ற உளவியலாளர் அதன் மறுபுறத்தை எழுதினார்: காயத்தோடும் ஓடுகிறவர்கள், வேலையையும் குடும்பத்தையும் ஓட்டத்துக்குப் பின்னால் தள்ளுகிறவர்கள். 2013 இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. தனிப் பெயர் இல்லாததை வைத்து ஆபத்தும் இல்லை என்று யாரும் வாதாடினால், அவருக்கு அந்தக் கணைக்காலைக் காட்டும்.

உடல் வலுப்பெறுவது பாரம் தூக்கும் நேரத்தில் அல்ல, தூக்கிய பின் கிடைக்கும் ஓய்விலும் உணவிலும் தூக்கத்திலும்தான் என்பதை நீர் புதியவர்களுக்கு எப்போதும் சொல்கிறீர். அதே உண்மையை ஒரு நாளும் தவறாதவருக்கு ஏன் சொல்வதில்லை? உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். அதற்கு மேல் செய்வது தவறல்ல. ஆனால் உயிர் பிழைக்க ஏழு நாளும் வேண்டும் என்று ஒருவர் நம்பினால், அந்த நம்பிக்கை உடலின் தேவையிலிருந்து வந்ததல்ல. (இந்தப் பந்தியை மட்டும் வெட்டியெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நீரிழிவுக்காக டொக்டர் சொன்ன மாலை நடையைக் கைவிட எண்ணும் என் உறவினர்கள் தயவுசெய்து எழுந்து நடக்கவும். உங்களுக்கு வந்திருப்பது இந்த வருத்தம் அல்ல.)

மாலை வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண் பயிற்சியாளராகிய நீர் கேட்கத் தயங்குவீர், அவர்களும் உம்மிடம் சொல்லத் தயங்குவார்கள். கடுமையாகப் பயிற்சி செய்து அதற்கேற்பச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறும், சில வேளை நின்றே போகும். அதை உடம்பு இறுகியதன் அடையாளம் என்று அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் உடம்பு சக்தி போதாமல் இனப்பெருக்க வேலையை நிறுத்திவைக்கிறது. ஈஸ்திரோஜன் குறைந்து எலும்பு மெலிகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதை விளையாட்டில் ஏற்படும் சக்திக் குறைபாடு என்று விரித்து, ஆண்களுக்கும் பொருந்தும் என்று அறிவித்தது. சாப்பிட்ட கொத்து ரொட்டியைக் கழிப்பதற்காகவே இரண்டு மணித்தியாலம் டிரெட்மில்லில் நிற்கும் பிள்ளையை நீர் கண்டால், அங்கே சிக்கல் சாப்பாட்டிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பிள்ளையின் நிறையைப் பாராட்டியும் பேச வேண்டாம், கேலியாகவும் பேச வேண்டாம். என்னிடம் அனுப்பினால் நான் பேசுகிறேன்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த வெயிலில், தண்ணீர் போதாமல், வலியை மதிக்காமல் அளவுமீறிச் செய்தால் தசை சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் பால் கலக்காத பிளேன்ரீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைப் பலகையில் எழுதி வையும், பயனுண்டு.

பட்டியலில் முதலாவதாக உள்ளவரைக் கூடத்துக்கு வர வேண்டாம் என்று நீர் தடுத்தால், அடுத்த தெருவிலுள்ள கூடத்தில் காசு கட்டிச் சேர்ந்துவிடுவார். காலுக்கு ஓய்வு என்று மட்டும் சொன்னால், தோளுக்கும் கைக்கும் இரட்டிப்பாக வேலை கொடுப்பார். ஆகவே அவரை உம்மோடு வைத்துக்கொண்டே செய்ய வேண்டிய காரியம் இது. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தைப் பூட்டும். எல்லோருக்கும் பூட்டினால் அது அவருக்கான தண்டனையாகத் தோன்றாது. இரண்டாவதாக, அடுத்தடுத்து இரண்டு நாள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் இருக்க முடியுமா என்று அவரிடம் கேளும். "முடியும், ஆனா ஏன் இருக்க வேணும்?" என்று வாதாடுவார். வாதாட விட்டுவிட்டு, இருந்து காட்டச் சொல்லும். அந்த இரண்டு நாளில் அவருக்கு வரும் படபடப்பையும் குற்ற உணர்வையும் அவரே கண்டால், நானும் நீரும் சொல்வதைவிட அது அவருக்கு உறைக்கும். ஓடும்போது எதிலிருந்து விடுபடுகிறார் என்ற கேள்வி அதற்குப் பிறகே வரும். அதை அவிழ்ப்பது உமது வேலையும் அல்ல, எனது வேலையும் அல்ல. சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை தெரிந்த உளவளத்துணையாளர் ஒருவர் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம் என்பதை அவருக்கும் தாயாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பலகையை எடுத்துவிடும் என்று நான் கட்டளையிட முடியாது. கூடம் உம்முடையது, வங்கிக் கடனும் உம்முடையது. எதையாவது பாராட்டியே ஆக வேண்டுமென்றால், குந்தி எழும்பும்போது முழங்காலைச் சரியாக வைத்தவரைப் பாராட்டும்; காயம் ஆறும்வரை பொறுத்திருந்து திரும்பி வந்தவரைப் பாராட்டும். வருகையை எண்ணுவதை மட்டும் விடும்.

எலும்பு டொக்டரிடம் வருகிற புதன்கிழமைக்கு இலக்கம் எடுத்திருக்கிறேன். அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் காலை ஓட்டத்துக்குப் பிறகு வருவதாக. நீர் முதல் நாள் இரவே அவரோடு பேசி, விடிய ஆறு மணிக்கு நேராக எனது வீட்டுக்கு அழைத்து வாரும். ஓட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று பேருக்கும் இடம் இருக்கும்.

அன்புடன்,
உமது விளையாட்டு டீச்சர்