ஷார்தனின் மூக்குக் கண்ணாடி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், மருத்துவர் படிப்பதற்கு அனுமதி கொடுத்துவிட்டதையும் அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே எல்லோரும் நலம். மூத்த பேத்தி கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய புத்தகங்களை அவளைவிட நான்தான் அதிகம் புரட்டுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சின் அலங்காரப் பாணியான ரொக்கோகோவில் வரைந்த ஓவியர்களைப் பற்றி நீ எழுதியதற்கு மறுமொழி சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோஜா நிறக் கன்னங்களையும் பட்டாடைகளையும் அறிந்த அளவுக்கு அவர்கள் ஒரு கிழவரின் முகத்தை அறிந்திருக்கவில்லை என்கிறாய். அந்தப் பாணியில் பெயர்பெற்ற ஓவியர் பூஷேயை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் உன் பேச்சு எடுபடும். அவர் 1770-இல் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில், அதே பாரிஸில், அதே ஓவிய அகாதெமியின் உறுப்பினரான ழான் சிமியோன் ஷார்தன், எழுபதைக் கடந்த வயதில், கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே வரைந்தார். இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தின் உயரம் சுமார் 46 சென்டிமீட்டர்தான். ஆனால் முதுமையைப் பற்றி அந்த நூற்றாண்டு விட்டுச்சென்ற படங்களில் அதற்கு நிகராக நான் வைக்கக்கூடியவை மிகச் சிலவே.

ஷார்தனை ரொக்கோகோக்காரர் என்று எப்படிச் சொல்லலாம் என்று நீ மடக்குவாய். நியாயம்தான், செம்புப் பானையையும் தோலுரித்த திருக்கை மீனையும் வரைந்து 1728-இல் அகாதெமிக்குள் நுழைந்தவர் அவர். புராண, வரலாற்றுக் காட்சிகளை உச்சியில் வைத்து, அசையாப் பொருள்களை வரைவதை அடிப்படியில் தள்ளிய சபை அது. ஆயினும் காலத்தால் அவர் அவர்களில் ஒருவர். முக்கியமாக, இந்தப் படத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சாதனம் முழுக்க முழுக்க ரொக்கோகோவினுடையது. நான் சொல்லவந்ததே அதுதான்.

வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா 1720-இல் பாரிஸுக்கு வந்து தங்கியதிலிருந்து, பேஸ்டலில் உருவப்படம் எழுதுவிப்பது அங்கே பெரிய நாகரிகமாகிவிட்டது. பின்னர் கந்தான் தெ லா தூர் அதில் கொடிகட்டிப் பறந்தார். நிறப்பொடியைச் சுண்ணத்தோடும் சிறிது பிசினோடும் பிசைந்து உருட்டிய குச்சிதான் பேஸ்டல். எண்ணெயின் பளபளப்பு இல்லாமல் தாளின் மேல் பொடியாகவே அது படிந்து நிற்பதால், பவுடர் பூசிய கன்னத்தையும் பவுடர் தூவிய பொய்முடியையும் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. அரசவைப் பெண்களின் முகத்தை மினுக்கிக் காட்டிய அதே பொடியை எடுத்துத்தான் ஷார்தன் தம்முடைய தளர்ந்த கன்னத்தையும் சிவந்த கண்ணிமையையும் எழுதினார். தைல வண்ணங்களில் சேரும் ஈயம் அவருடைய பார்வையைக் கெடுத்திருந்ததால் அவற்றை விட்டுவிட நேர்ந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். முடியாமையால் எடுத்த குச்சி அது என்று படத்தைப் பார்க்கும் யாரும் சொல்லமாட்டார்கள்.

படத்தில் அவர் பொய்முடி அணியவில்லை. தலையைச் சுற்றி வெள்ளைத் துணி, அதன் மேல் நீல நாடா. கழுத்தில் தளர்வாகக் கட்டிய துணி. பழுப்பு நிற மேலங்கி. வேலை செய்யும் அறையில் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கிறார். அகாதெமியின் பொருளாளர் என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை; ஓவியர் என்பதைக் காட்டத் தூரிகையோ வண்ணத்தட்டோகூட இல்லை. வட்ட வடிவ மூக்குக் கண்ணாடி நுனிமூக்குக்குச் சறுக்கி வந்திருக்கிறது. அதன் விளிம்புக்கு மேலாக இரண்டு கண்களும் நேரே நம்மைப் பார்க்கின்றன. கணக்குப் புத்தகத்தில் ஏதோ ஒரு வரவு இடிக்கும்போது கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் பார்வை அது. (1755 முதல் 1774 வரை அகாதெமியின் கணக்கைப் பார்த்தவர் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.) அந்தப் பார்வை இரக்கத்தைக் கேட்கவில்லை, கிழவர்களின் படங்களில் ஓவியர்கள் வழக்கமாக ஏற்றிவிடும் ஞானக் களையும் அதில் இல்லை. எதிரே இருப்பதை அளந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். எதிரே இருந்தது அவருடைய முகமே என்பதை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்.

1775-இல் மறுபடியும் தம்மை வரைந்தார். இந்த முறை வெளிச்சத்தைத் தடுக்க நெற்றியின் மேல் பச்சை நிற மறைப்பு ஒன்றைக் கட்டியிருக்கிறார், கண்ணாடியும் உண்டு. நோயுற்ற கண்ணுக்கான பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றி வரைந்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கோடுகளைத் தேய்த்துக் கலக்காமல், சிவப்புக்கும் பழுப்புக்கும் இடையே நீலத்தையும் பச்சையையும் இழுத்து விட்டிருக்கிறார். சற்றுத் தள்ளி நின்றால்தான் அவை தோலாகின்றன. மனைவி மார்கரீத்தின் உருவத்தையும் அதே ஆண்டில் பேஸ்டலில் எழுதினார். இந்த ஆண்டுகளில் அவருக்கு நல்ல காலம் இல்லை. ஓவியரான மகன் முன்பே இறந்துவிட்டான். அகாதெமியின் அதிகாரம் அவரை விரும்பாதவர்களின் கைக்குப் போயிருந்தது. இருந்தும் 1779-ஆம் ஆண்டுக் கண்காட்சி வரை படம் வைத்தார். அதில் ஓர் ஏவலாளின் தலையை எழுதிய பேஸ்டலைப் பார்த்து மகிழ்ந்த பதினைந்தாம் லூயியின் மகள் விக்துவார் அவருக்குத் தங்கத்தாலான மூக்குப்பொடி டப்பி அனுப்பினாளாம். அந்த டிசம்பரிலேயே அவர் இறந்துபோனார்.

இரண்டு படங்களின் நகல்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பச்சை மறைப்பு உள்ள படத்தைப் பற்றி 1904-இல் ஓவியர் செசான் தம் இளைய நண்பர் எமில் பெர்னாருக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: இந்த ஓவியர் பெரிய கைகாரர், மூக்குத்தண்டின் குறுக்கே ஒளித்தளம் ஒன்றை ஓடவிட்டால் மற்ற நிறங்களின் ஏற்ற இறக்கம் கண்ணுக்கு எளிதாகப் புலப்படுகிறது என்பது அதன் சாரம். எனக்கு அது பாதிதான் பிடிபடுகிறது. நிறங்களில் எப்போதும் என்னைவிடக் கூர்மையானவன் நீ. பார்த்துவிட்டு, அவர் சொல்வது சரியா என்று எழுது.

என்றும் அன்புடன்,
ராமநாதன்