‘நிறுத்துங்க’ என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நீச்சல்குளத்துப் பக்கம் எழுந்த புகையைப் பார்த்துக் காவல் அறைக்குப் போன் செய்த நான்கு பேருக்கும் முதலில் ஒரு தகவல்: அது தீ விபத்து இல்லை, மீன். பினாங்கில், நம் தஞ்சோங் பூங்கா கொண்டோ அடுக்குமாடியில் செங்கல் மேடைக்குள் பதித்துக் கட்டிய அந்தப் பழைய கேஸ் பார்பிகியூ அடுப்பு மறுபடி எரிகிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது அதன்மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினோம். கட்டுப்பாடு போனது, தார்ப்பாய் போகவில்லை.

லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குக் கை கொடுக்கிறீர்கள். கூச்சமாக இருக்கிறது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பைச் சரிசெய்த இந்த வேலையில் நான் யாரையும் கேட்காமல் தனியாகச் செய்தது ஒன்றே ஒன்று, அதுவும் கெட்டுப்போனது. பிசுக்கு எடுக்கும் காரத் திரவத்தை அடுப்பின் பக்கவாட்டு அலுமினியத் தகட்டில் அடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தகடு தேமல் வந்த தோல்போல் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடக்கிறது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். டப்பாவின் பின்னாலும் அச்சடித்திருந்தது. இடது பக்கத்தில் அந்தத் தேமல் இன்னும் இருக்கிறது. அது மட்டும் என் கைவண்ணம். மற்றதெல்லாம் பிறர் செய்தது. அதிலும் முக்கால்வாசிப் பேர் என் கையைப் பிடித்து நிறுத்தியவர்கள்.

முதல் நன்றி கேஸ் தோங் (சிலிண்டர்) போடும் அண்ணனுக்கு. 14 கிலோ தோங்கைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர், மேடைக்கு அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் தோங்கைத் திரும்ப லோரியில் ஏற்றினார். “இதுல மாட்ட மாட்டேன் பாஸ்.” எனக்குக் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகளுக்கு வேறு சொல்லியாகிவிட்டது.

அவர் காட்டிய குறை இரண்டு. யாரோ எப்போதோ தீ பத்தவில்லை என்று அங்காடிக் கடைகளில் பெரிய வாணலி அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை இதில் மாட்டியிருக்கிறார்கள். இந்த அடுப்புக்கு வேண்டியது வீட்டு அடுப்புக்குப் போடும் சாதாரண ரெகுலேட்டர்தான், கிட்டத்தட்ட 30 மில்லிபார் அழுத்தம். சரி, அதை மாற்றிவிடலாம். இரண்டாவதுதான் என் வயிற்றைக் கலக்கியது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். அதில் இருக்கும் புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே எழும்பிப் போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கும். அதற்காகத்தான் அந்த அலமாரியின் அடியில், தரையை ஒட்டி, இரண்டு காற்றுத் துளைகள் வைத்துக் கட்டியிருந்தார்கள். டைல்ஸ் மாற்றியபோது அவற்றை வழவழவென்று ஒட்டி மூடியாகிவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது என்று அன்றைக்குப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன். “கீழ ஓட்டை இல்லாம இது அலமாரி இல்ல பாஸ், வெடிகுண்டு.”

பிளாக் பி-யில் பூச்சு வேலைக்கு வந்திருந்த பங்களாதேஷ் தம்பி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, டைல்ஸ் உடையாமல் அந்தத் துளைகளைத் திறந்து, எலி புகாமல் வலையும் வைத்துக் கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. தம்பி, உங்களுக்கு ஒரு சாப்பாடு பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் தோங் அண்ணன் மறுபடி வந்தார். புது ரெகுலேட்டர், புது ரப்பர் குழாய். மூட்டு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழ் வருகிறதா என்று கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

பர்னர் நான்கையும் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு பெர்ரியில் பட்டர்வொர்த் போனேன். புதுப் பெர்ரியில் கார் ஏறாது, ஆட்களும் இருசக்கர வண்டிகளும்தான். ஆகவே கரி படிந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அங்கே ஒரு பட்டறை அண்ணன். நான் நான்கையும் புதிதாக வாங்கும் முடிவோடுதான் போயிருந்தேன். அவர் ஒரு பர்னரை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று மண் கொட்டியது. குளவிக் கூடு! கேஸும் காற்றும் கலந்து உள்ளே நுழைகிற வாயிலேயே குளவி மண் பூசி வீடு கட்டியிருக்கிறது. காற்று சரியாகக் கலக்காவிட்டால் தீ மஞ்சளாகச் சோம்பி எரியும், பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். வழி மொத்தமாக அடைத்துக்கொண்டால் கேஸ் பின்பக்கமாகத் திரும்பி, திருகுகிற குமிழுக்குப் பின்னாலேயே பற்றிக்கொள்ளும். தீ பத்தவில்லை என்று ரெகுலேட்டரை மாற்றிய அந்தப் புண்ணியவான் குளவியோடுதான் சண்டை போட்டிருக்கிறார்.

மூன்று பர்னர் பிழைத்தது. நான்காவது துருப்பிடித்துப் பக்கவாட்டில் பிளந்திருந்தது. அதை வெல்டிங் வைத்துத் துளை போட்டுத் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். துளையின் அளவு கொஞ்சம் பிசகினாலும் தீ பிசகிவிடும், அளவு பார்த்து ரெடிமேடாக வாங்குங்கள் என்றார். வந்த வேலையை வேண்டாம் என்று அனுப்பும் பட்டறைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. பர்னருக்கு மேல் கூரைபோல் கவிழ்க்கிற தகடுகளை மட்டும், காந்தம் அவ்வளவாக ஒட்டாத, எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டெயின்லெஸில் மடித்துக் கொடுத்தார். பழைய தகட்டில் காந்தம் பச்சென்று ஒட்டியது. கடல் காற்றுக்கு அது தாங்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், கையில் எடுத்தாலே துருவாக உதிர்ந்தது.

மூன்றாம் மாடிப் பாட்டியைப் பற்றித் தனி மடலே எழுதலாம். அடுப்பு மூடியைப் பளபளப்பாக்க ஒரு கையில் பிளீச், மறு கையில் இரும்பு நார் என்று நான் நின்றபோது, நடைப்பயிற்சிக்கு வந்தவர் தடியைத் தூக்கிக் காட்டி “நிறுத்துப்பா!” என்றார். “என் மருமக எவர்சில்வர் குடத்த இப்படித்தான் ஓட்டையாக்குனா.” குளோரின் பட்டால் ஸ்டெயின்லெஸ் புள்ளிபுள்ளியாக அரிக்கும், இரும்பு நாரின் துகள் ஒட்டிக்கொண்டு பின்னால் துருவாகும். பாட்டி இந்தக் காரணமெல்லாம் சொல்லவில்லை. ஆப்பச் சோடாவைக் குழைத்துப் பூசி, துணியால் தகட்டின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கச் சொன்னார். மூடியின் உட்புறம் பெயிண்ட் உரிகிறது, புதிதாக அடிக்கவேண்டும் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். நகத்தால் சுரண்டிக் காட்டினார். கருகிய கொழுப்பு!

வார்ப்பிரும்புக் கம்பித்தட்டைப் பார்த்ததும் அவருக்குத் தோசைக்கல் ஞாபகம் வந்துவிட்டது. கம்பித்தட்டைப் பழக்குவது என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். அதற்கு முன் ஒரு விஷயம் இருந்தது, எல்லாரும் மனதில் வைத்துக்கொண்டு பேசத் தயங்கியது. இதில் முன்பு என்னென்ன சுட்டார்களோ, யாருக்குத் தெரியும்? ஆறாம் மாடி மாக்சிக் (மலாய்க்கார அத்தை) அதைச் சிரித்த முகத்தோடு கூட்டத்தில் எடுத்தார். பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் இந்த அடுப்பில் வேண்டாம், வேண்டியவர்களுக்கு ஓரத்தில் ஒரு கரி அடுப்பு என்று பத்து நிமிடத்தில் முடிந்தது. அவருடைய வீட்டார் இஸ்லாமிய முறைப்படி கம்பித்தட்டையும் அடுப்பையும் ஏழு முறை கழுவினார்கள், அதில் ஒரு முறை மண் கரைத்த நீரில். அது காய்ந்த பிறகு பாட்டி கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவி, மூன்று நாள் பண்ணினார். கம்பித் தூரிகை வேண்டாம் என்று சொன்னது தாதியாக (நர்ஸாக) வேலை செய்யும் பத்தாம் மாடித் தங்கச்சி. அதன் முள் உதிர்ந்து சாப்பாட்டோடு தொண்டைக்குள் போய்விடும். அதற்குப் பதில் பாட்டியின் வழி: பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூட்டில் தேய்ப்பது.

கடைசியாக, இரவுப் பணிக் காவலர், நேப்பாளத்து அண்ணன். பேட்டரி மாற்றியும் பொத்தானை அமுக்கினால் டிக் டிக் என்கிறது, பத்தவில்லை. பொறி தட்டும் இக்னைட்டரைப் புதிதாக வாங்கலாம் என்றேன் நான். அவர் போய் நீச்சல்குளத்து விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு வந்து, மறுபடி அமுக்கச் சொன்னார். இருட்டில் தெரிந்தது: நீலப் பொறி பர்னர் பக்கம் போகவே இல்லை, பாதியிலேயே பீங்கானில் இருந்த விரிசல் வழியாகத் தாவி உடம்புத் தகட்டில் குதிக்கிறது. அந்த ஒரு பீங்கான் முனையை மட்டும் மாற்றினோம்.

செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அலமாரிச் சாவி காவல் அறையில் இருக்கிறது. பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும். முடிந்ததும் தோங்கை வால்விலேயே அடைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை முதல் தட்டில் போனது மீன் இல்லை, பாட்டியின் கத்திரிக்காய். மீன் சுடும்முன் தனக்குச் சுட்டுத் தரவேண்டும் என்பது அவர் மூன்று நாள் வேலைக்குக் கேட்ட கூலி. தோலை உரித்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்பு பத்தல” என்றார்.

நன்றியுடன்,
ஒன்பதாம் மாடியிலிருந்து